ஓம டப்பாவுக்குப் பக்கத்தில்

மூக்குக்கண்ணாடிக் கூடு எங்கே போயிற்று என்று மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, காலாவதியான பாஸ்போர்ட்டுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு மாத்திரை அட்டை கையில் சிக்கியது, ஓரத்தில் தகடு கிழிந்து, இரண்டு வில்லைகள் மட்டும் மிச்சமிருந்த ஆஸ்பிரின் அட்டை, எப்போது வாங்கியது என்று தேதி பார்க்க முகத்தருகே கொண்டுபோனேன், கண்ணாடி இல்லாமல் தேதி எங்கே தெரியும், அதற்குப் பதிலாக மெல்லிய காடி நெடி ஒன்று மூக்கில் ஏறியது, ஊறுகாய் ஜாடியைத் திறந்து உடனே மூடினால் வருமே, அது மாதிரி. ஈரக்காற்று பட்டால் ஆஸ்பிரின் மெல்லப் பிரிந்து ஒரு பங்கு காடியாகிவிடும் என்று மருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறேன், ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, பன்னிரண்டு வயதுக்குள்ளேயே, இந்த நெடி எனக்குப் பழக்கம், தாமிரபரணிக் கரையில், தாத்தாவின் மருந்தறையில்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், பெரிய ஊர் என்றும் சொல்ல முடியாத, சின்ன ஊர் என்றும் தள்ள முடியாத ஓர் ஊர், அதில் ஓடு வேய்ந்த ஒரு டிஸ்பென்சரி, டாக்டர்கள் வந்து வந்து மாற்றலாகிப் போவார்கள், கம்பவுண்டர் மட்டும் மாறவில்லை, அந்தக் கம்பவுண்டர்தான் தாத்தா. மருந்தறைக்குள் நுழைந்ததும் பெப்பர்மின்ட்டும் ஏலக்காய் டிங்சரும் முன்னால் வந்து வரவேற்கும், அதற்குப் பின்னால் டெட்டால், அதற்கும் பின்னால், பழகிய மூக்குக்கு மட்டும் பிடிபடுகிற மாதிரி, காடி, அது ஏ.பி.சி. மாத்திரை டின்னிலிருந்து வருவது. ஆஸ்பிரினும் பினாசிட்டினும் கஃபீனும் சேர்த்து அடித்த அந்த வில்லைதான் அப்போது காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மேல்வலிக்கும் எல்லாவற்றுக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் தாத்தா காலையில் வந்ததும் முதல் வேலையாக டின்னைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், நெடி கூடியிருந்தால், "காடி ஏறிட்டுலே, கொண்டுபோய்க் கொட்டு" என்பார், கெட்ட மருந்தைக் கொடுப்பதற்கு வெறும் தண்ணீரைக் கொடுக்கலாம், தண்ணீருக்காவது தன் குணம் மாறாது என்பது அவர் கட்சி.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, அலமாரியின் பச்சைக் குப்பிகளையும் பழுப்புக் குப்பிகளையும் கடந்து, சிமென்ட் தரையில் குளம் மாதிரி தேங்கி நிற்கும், அந்த நிறத்துக்குள் கால் வைத்து விளையாடுவது எனக்குப் பிடிக்கும், வெளியே யாரோ நெல் அவிக்கிற வாசனை, ஆற்றிலிருந்து ஈரக்காற்று, திருப்புடைமருதூருக்குப் பெயர் கொடுத்த மருதமரங்கள் எங்கள் படித்துறையிலும் நின்றன, அவற்றின் பட்டையை ஆச்சி நெஞ்சுக்கு நல்லது என்று கஷாயம் வைப்பாள், தாத்தா மறுக்காமல் குடித்துவிட்டு, டிஸ்பென்சரிக்குப் போய் ஊருக்கு வேறு மருந்து கொடுப்பார். ஜனங்கள் கழுவிய பழைய பாட்டில்களோடு வரிசையில் நிற்பார்கள், தாத்தா மிக்சரை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை ஏணிப்படி மாதிரி பல் பல்லாகக் கத்தரித்துப் பாட்டிலின் விலாவில் ஒட்டுவார், ஒரு பல்லுக்கு ஒரு வேளை, எழுத்தறியாதவளும் தவறவிட முடியாது, அந்தப் பசை காய்கிற வாசனை வெந்தயக் களி மாதிரி இருக்கும்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன, இரண்டுமே அப்போது எனக்கு அலுப்பாக இருந்தவை. ஒன்று, எந்தக் குப்பியையும் எடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும், அரையங்குலம் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், சாயங்காலம் மின்சாரம் போனால் அரிக்கேன் விளக்கு வருவதற்குள் இருட்டிலேயே கையை நீட்டி வேண்டியதை எடுத்துவிடுவார், "மருந்து அலமாரில இருந்தாப் போதாதுலே, கைக்குத் தெரியணும்" என்று ஒருதரம் சொன்னார், அதை ஒரு தத்துவமாகச் சொன்னதாகத் தெரியவில்லை, குப்பியை இடம் மாற்றி வைத்ததற்காக என் தலையில் குட்டிக்கொண்டே சொன்னது. இன்னொன்று ராத்திரிக் கணக்கு, இருப்புப் பதிவேட்டைத் தரையில் விரித்து, ஒவ்வொரு புதுப் பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்துத் தொகையை எடுத்து எழுதிவிட்டுத்தான் மேலே போவார், எத்தனை வில்லை வந்தது, எத்தனை போயிற்று, மிச்சம் எத்தனை, முந்தின பக்கத்தைக் கொண்டுவராதவன் கணக்கு எழுதக் கூடாது என்பார், நான் அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கிப்போயிருப்பேன், பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும் தூக்கத்துக்குள் வந்துகொண்டிருக்கும்.

1973 ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு ராத்திரி, தாத்தா நெஞ்சைத் தடவிக்கொண்டு திண்ணையில் எழுந்து உட்கார்ந்தார், தாடை வரைக்கும் இழுக்கிறது என்றார், அந்தக் குளிரிலும் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஆச்சி இருட்டில் அடுப்பங்கரைக்குப் போய், விளக்குகூட ஏற்றாமல், ஓம டப்பாவை எடுத்துவந்தாள், ஓமத்தண்ணீர் கொதித்தது, பெருங்காயம் பொரிந்தது, "வாயுதான், ஏப்பம் வந்தாச் சரியாயிரும்" என்றாள், தாத்தாவும் அதைத்தான் நம்பினார், முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கலக்கிக் கொடுத்த மிக்சரை வீட்டில் வைத்திருந்த பாட்டிலிலிருந்து இரண்டு பல் அளவு குடித்தார். விடிவதற்குள் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி டிஸ்பென்சரி அலமாரியில் ஏ.பி.சி. டின் அதன் இடத்தில் இருந்தது, அதற்குள் இருந்த ஆஸ்பிரினை யாரும் நினைக்கவில்லை, நினைக்க வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. வெகுகாலம் வரை எங்கள் வீட்டில் தாத்தா வாயு அடைத்துச் செத்தார் என்றுதான் பேச்சு.

சொல்லியிருக்கக் கூடியவர்கள் உலகத்தில் எங்காவது இருந்தார்களா என்று பின்னாளில் தேடியபோது, கலிபோர்னியாவில் கிளெண்டேல் என்ற ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்ற டாக்டர் அகப்பட்டார், தொண்டைச் சதை அறுத்தவர்கள் வலிக்கு ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை அதிகமாக மென்றால் ரத்தம் நிற்காமல் வருவதைப் பார்த்தவர், ரத்தம் உறைவதை இது தடுக்குமானால் இதயக் குழாயில் அடைக்கிற கட்டியையும் தடுக்கக் கூடுமே என்று, அறிவுள்ள கம்பவுண்டர் யாரும் யோசிக்கக் கூடிய மாதிரி, யோசித்தவர். நாற்பதுகளின் கடைசியிலிருந்து சுமார் 8,000 ஆண்களுக்குத் தினமும் ஆஸ்பிரின் கொடுத்து, கண்டதை எழுதினார், எழுதியது பெரிய இடத்தில் யாரும் புரட்டாத சிறிய பத்திரிகைகளில், ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத இன்னொரு கூட்டம் அவரிடம் இல்லை, ஆகவே அதை ஆராய்ச்சி என்று யாரும் மதிக்கவில்லை, 1957-ல் அவரே இதயம் நின்று இறந்தார், விஷயம் அதோடு மடிந்தது.

அதைவிட என்னை உறுத்தியது வேறொரு கணக்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று ஒரு மருந்து, வார்டில் எஸ்.கே. என்போம், ஒரு கிருமியிலிருந்து எடுப்பது, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் இதயக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைப்பது, 1959-க்கும் 1988-க்கும் இடையில் இதை 33 தடவை பல ஊர்களில் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தங்கள் சோதனையைத் தனியாக நடத்தி, பலன் உண்டு போலிருக்கிறது, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று தனியாகவே முடித்துக்கொண்டார்கள். 1992-ல் சிலர் உட்கார்ந்து, தாத்தா மாதிரி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்துத் தொகையை எடுத்து எழுதிக் கூட்டிப் பார்த்தார்கள், 8 சோதனைகள், 2,432 நோயாளிகள், அவ்வளவிலேயே மருந்து உயிரைக் காக்கிறது என்பது நிரூபணமாகியிருந்தது, அந்த எட்டாவது சோதனை முடிந்த வருஷம் 1973. அதற்குப் பிறகும் 25 சோதனைகள், மேலும் 34,542 பேர், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த மருந்து கிடைத்திருக்காது. மருந்து கண்டுபிடிக்காததால் வந்த நஷ்டமா இது, கூட்டல் போடாததால் வந்தது, இருப்புப் பதிவேட்டில் இப்படி ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் தாத்தா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

கூட்டல் போட்டவர்கள் இருந்தும் கை நகராததை நான் நேரிலேயே பார்த்தேன். 1988-ல் மேற்படிப்பில் இருந்தேன், கல்லூரி நூலகத்தில் நாப்தலின் உருண்டையும் பழைய காகிதமும் கலந்த குளிர்ந்த வாசனை, வழுக்கை விழுந்த நூலகர் ஒருவர் வந்த ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஊதா மையில் முத்திரை குத்தி, வாயால் ஊதிக் காயவைத்த பிறகுதான் மேசைக்கு விடுவார், ஆகஸ்ட் மாதத்து லான்செட் அப்படி ஊதப்பட்டு எங்கள் கைக்கு வரும்போது தீபாவளி நெருங்கிவிட்டது. அதில்தான் ஆக்ஸ்போர்டுக்காரர்கள் நடத்திய ஐசிஸ்-2 சோதனையின் முடிவு இருந்தது, 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று வந்த 17,187 பேர், அவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி நான்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு எஸ்.கே., ஒரு பங்குக்கு அரை மாத்திரை ஆஸ்பிரின், ஒரு பங்குக்கு இரண்டும், ஒரு பங்குக்கு இரண்டும் இல்லாமல் வெறும் போலி மருந்து. இரண்டும் இல்லாதவர்களில் 100-க்கு 13 பேர் ஐந்து வாரத்துக்குள் இதயத்தாலும் ரத்தக்குழாயாலும் இறந்திருந்தார்கள், இரண்டும் பெற்றவர்களில் 8 பேர். அந்த அரை மாத்திரை தனியாகவே சாவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் குறைத்திருந்தது, சில காசு பெறுமான வில்லை, தாத்தாவின் டின்னில் கிடந்தது, காடி ஏறினால் வாய்க்காலில் கொட்டினோமே, அது.

அந்தக் கட்டுரையில் ஒரு வேடிக்கையும் உண்டு. யார் யாருக்கு மருந்து கூடுதலாக வேலை செய்தது என்று வயது, வியாதி, அது இது என்று பிரித்துப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பத்திரிகையில் கேட்க, அப்படிப் பிரித்தால் வெறும் தற்செயல்கூட உண்மை மாதிரி வேஷம் போடும் என்று காட்டுவதற்காக, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிப்படியும் பிரித்துப் போட்டிருந்தார்கள், மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, மற்றப் பத்துக்கும் அமோகம். அவர்கள் ராசி பிறந்த தேதியை வைத்து, நம்முடையது சந்திரனை வைத்து, இருந்தாலும் விடுதியில் அன்று ராத்திரி எல்லோரும் அவரவர் ராசியைச் சரிபார்த்துக்கொண்டோம், சிரித்துக்கொண்டே பார்த்தோம் என்றாலும் பார்த்தோம்.

எங்கள் யூனிட் சீஃப் வயதானவர், குளிர்ந்த ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் நெஞ்சில் வைப்பதற்கு முன் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவார், வேட்டி கட்டி வந்த கிழவருக்கும் "ஐயா, மூச்சை இழுத்து விடுங்க" என்பார், கோட்டுப் பையில் எப்போதும் கிராம்பு, அதை மென்றுகொண்டே ரவுண்ட்ஸ் வருவதால் வார்டுக்கு அவர் வருவது வாசனையில் முன்கூட்டியே தெரியும். லான்செட்டைக் கொண்டுபோய் நீட்டினேன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுதும் படித்தார், அவசரப்படவில்லை, "நல்லாத்தான் செஞ்சிருக்கான், ஆனா அவன் வயிறு வேற, நம்ம வயிறு வேறப்பா, மிளகாயைத் தின்ன வயிறு, ரத்தமாக் கக்கினா நீ வந்து பதில் சொல்லுவியா" என்று கேட்டுவிட்டு மடித்துக் கொடுத்தார். பயந்து சொன்னதல்ல, ஆஸ்பிரின் தின்று ரத்தம் கக்கிச் செத்த ஒரு பெண்ணை இளம் வயதில் பார்த்தவர் அவர், கண்ணால் பார்த்த ஒரு சாவு, காகிதத்தில் பிழைத்த ஆயிரம் பேரைவிடக் கனமாக இருந்தது. அதே கையோடு, மாரடைப்பு என்று வந்த ஒவ்வொருவருக்கும் இதயத் துடிப்பு தடுமாறாமலிருக்க லிக்னோகைன் சொட்டு ஏற்றச் சொல்வார், சொட்டுக் குழாயை விரலால் சுண்டிவிட்டுத்தான் நகர்வார், அந்த மருந்து துடிப்பைச் சீராக வைத்தாலும் சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று அப்போதே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவரை மட்டும் குறை சொல்வானேன், 1992-ல் பாடப்புத்தகங்களையும் சோதனை முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் கண்டதும் இதுதான், உயிர் காப்பதாக நிரூபணமான மருந்தைப் பற்றிப் பல புத்தகங்கள் வாயைத் திறக்கவில்லை, பயனில்லாத லிக்னோகைனைக் கொடு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் ஒருநாள் ரவுண்ட்ஸில், மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில், "அந்த அரை மாத்திரையை எழுதிக்கோப்பா" என்றார், அவ்வளவுதான், மனம் மாறியதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கிராம்பு வாசனை அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்போடுதான் 1994-ல் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன், வேப்ப மரமும் உடைந்த ஸ்ட்ரெச்சரும் உள்ள ஆஸ்பத்திரி, அங்கே ஒரு சித்திரை மாதத்து ராத்திரி மாட்டுத் தரகர் ஒருவரைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கோலி சோடா குடித்துப் பார்த்துவிட்டு, ஏப்பம் வந்தும் வலி போகாததால் வந்தவர். ஈ.சி.ஜி. எடுத்தேன், அந்த ஜெல்லியின் வழுவழுப்பும், நெஞ்சில் ஒட்டுகிற ரப்பர் குமிழ்களின் வாசனையும், காகிதச் சுருள் உருளுகிற சத்தமும் இன்றைக்கும் நினைவிருக்கிறது, கோடு எழும்பி நின்றது, சந்தேகமே இல்லை, "ஆஸ்பிரின் கொடுங்க சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், ஆஸ்பிரின் மருந்தகத்துக்குள், மருந்தகம் பூட்டியிருக்கிறது, சாவி மருந்தாளுநரோடு சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டது, கடைத்தெரு அடைத்துவிட்டது, காவலாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவியை வாங்கப் போனார், நாற்பது நிமிஷம். 17,187 பேர் உண்டாக்கிய அறிவு என் தலைக்குள் இருந்தது, மாத்திரை பத்தடி தூரத்தில் இருந்தது, நடுவில் ஒரு திண்டுக்கல் பூட்டு. தரகர் பிழைத்துக்கொண்டார், அது என் சாமர்த்தியத்தால் அல்ல, அவர் உடம்பு வாகு.

மறுநாள் காலை சிஸ்டர், பெயர் சொன்னால் பிடிக்காது அவருக்கு, வீட்டிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார், அதில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைகள், வாயை இறுக்கி மூடி, ஈ.சி.ஜி. வண்டியின் கைப்பிடியில் நாடாவால் கட்டி, "நெஞ்சு வலி என்றால் முதலில் இது, மென்று விழுங்கச் சொல்லவும், அலர்ஜி, ரத்தக் கசிவு உண்டா என்று கேட்கவும்" என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார், தாத்தாவின் பல் வெட்டிய காகிதம் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்தில், நான் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவருவதற்குள் மாத்திரை நோயாளியின் வாய்க்குள் போயிருக்கும். ஆறாவது மாதம் தணிக்கைக்கு வந்தவர், மருந்தகத்துக்கு வெளியே இருபது மாத்திரை எந்த விதியின்படி இருக்கிறது என்று கேட்டார், இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டருக்கும் மாற்றல் வந்தது, எனக்கும் வந்தது, சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன், ஹார்லிக்ஸ் பாட்டில் அதே வண்டியில் அதே நாடாவில் இருந்தது, உள்ளே சேஃப்டி பின்களும் ஒரு உடைந்த தெர்மாமீட்டரும்.

பிறகு இதையே பெரிய அளவில் செய்து பார்க்கிறவர்கள் வந்தார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் ஞாபகம். 2008-ல் இந்தியா முழுவதிலுமிருந்து 20,468 மாரடைப்பு நோயாளிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில், வலி தொடங்கியதற்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கும் நடுவில் கழிந்தது நடுத்தரமாக 360 நிமிஷம், ஆறு மணி நேரம், அதில் ஓமத்தண்ணீருக்கு எவ்வளவு, சோடாவுக்கு எவ்வளவு என்று யார் கணக்கெடுத்தார்கள். 2011-ல் 17 நாடுகளில் வீடு வீடாகப் போய் விசாரித்தவர்கள், ஏழை நாடுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களில் 100-க்கு 80 பேர், காக்கும் என்று நிரூபணமான மாத்திரைகளில் ஒன்றைக்கூட விழுங்குவதில்லை என்று கண்டார்கள், அந்த ஏழை நாடுகளின் பட்டியலில் நாமும் உண்டு. கேரளத்தில் 63 ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்க்கைத் தாள், விடுவிப்புத் தாள், மாதாந்தரச் சரிபார்ப்பு என்று ஒரு முழுப் பையே கொடுத்து, 21,374 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள், சிகிச்சை கொடுக்கும் முறை திருந்தியது, ஆனால் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த சாவும் மறு அடைப்பும் குறைந்தது அந்தப் பையால்தான் என்று கணக்கு உறுதி சொல்லவில்லை, அதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2012-லிருந்து இரண்டு வருஷம், சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு கயிறு கட்டி, 108 வண்டியை நடுவில் ஓடவிட்டு, சின்ன இடத்திலேயே கட்டியைக் கரைத்து, பெரிய இடத்துக்கு அனுப்பிக் குழாயைப் பார்க்கச் செய்தார்கள், 2,420 பேர், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு 17.6 பேராக இருந்தது 14.2 ஆயிற்று. புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்காமல், யார் யாருக்குப் போன் செய்வது, வண்டி எங்கே நிற்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதை முன்னதாகவே பேசிவைத்துக்கொண்டதில் பிழைத்தவர்கள் அவர்கள்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன், படித்துறையில் மருதமரங்கள் குறைந்துவிட்டன, டிஸ்பென்சரி இருந்த இடத்தில் செல்போன் கடை, ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரமாக ஆரம்ப சுகாதார நிலையம், வெள்ளை டைல்ஸ், வெள்ளை டியூப்லைட், எந்த வாசனையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றால் வங்கியா ஆஸ்பத்திரியா என்று சொல்ல முடியாது, வெயிலுக்கு உள்ளே வர ஒரு வழியும் விடவில்லை, நர்ஸ் பெண்கள் நோயாளி முகத்தைப் பார்க்கிற நேரத்தைவிட டேப்லெட்டைப் பார்க்கிற நேரம் கூடுதல் என்று எனக்குத் தோன்றியது, வயதானவனுக்கு அப்படித்தான் தோன்றும். பேச்சுவாக்கில், 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தைப் பற்றி ஒரு பெண்ணிடம் விசாரித்தேன், நெஞ்சு வலியோடு வருகிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய மாத்திரைகள், ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14. "எங்கேம்மா வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டேன், அவள் டேப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை, எதையோ தட்டிக்கொண்டே, "இதோ இருக்குங்கய்யா" என்று இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, பார்க்காமலே, அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கைக்குத் தெரிந்திருந்தது. வாசனை இல்லை, வெயில் இல்லை என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்த நான் அங்கே வாயை மூடிக்கொண்டேன், 1988-ல் லான்செட்டில் அச்சானது இந்தத் தட்டுக்கு வந்துசேர 35 வருஷம் ஆகியிருக்கிறது, ஆனாலும் வந்துவிட்டது.

இந்தக் காடி நெடி அடிக்கிற அட்டைக்கு வருகிறேன். இது நோயாளி யாருக்கும் வாங்கியதல்ல, எனக்கு வாங்கியது, மாரடைப்பு வந்ததில்லை, குழாயில் அடைப்பு என்று யாரும் சொன்னதில்லை, இருந்தும் ஐம்பதைத் தாண்டியதிலிருந்து ராத்திரி பால் குடித்ததும் ஒரு சின்ன ஆஸ்பிரின், தாத்தாவை நினைத்துக்கொண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைமாட்டில் ஒரு அட்டை, பயணப்பையில் ஒன்று, இழுப்பறையில் ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத முதியவர்கள் 19,114 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் வந்தது, அவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரின் மாரடைப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, ரத்தக் கசிவைத்தான் கூட்டியது, படித்தேன், கல்லூரியில் மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன், வீட்டுக்கு வந்து பால் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பழைய சீஃபுக்கு மனம் மாற ஒரு வருஷம்தான் ஆயிற்று, எனக்கு எத்தனை வருஷம் என்று இந்த இழுப்பறையின் முன்னால் நின்று கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கிறது. நேற்று என் பழைய மாணவனுக்கு, இப்போது அவன்தான் என் டாக்டர், போன் செய்து நிறுத்தலாமா என்று கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சார், இதை நீங்கதான எங்களுக்கு நடத்தினீங்க" என்றான்.

நிறுத்திவிட்டேன். இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, அவர்கள் கணக்கு வேறு, அந்தக் கணக்குக்குக் கூட்டல் போட்டு வெகுகாலம் ஆயிற்று. காடி ஏறிய அட்டையைத் தாத்தா சொன்ன மாதிரி குப்பைக்கு அனுப்பிவிட்டு, தகடு கிழியாத புது அட்டை ஒன்று வாங்கி, அடுப்பங்கரை ஈரம் படாமல் ஒரு சின்ன டப்பாவில் இறுக்கி மூடி, மேல் தட்டில் ஓம டப்பாவுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் வைத்தேன். மருந்தை இங்கே கொண்டுவந்து ஏன் வைக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள், நெஞ்சு வலித்தால் நம் வீட்டில் கை முதலில் இங்கேதானே வரும் என்றேன். மூடியில் கத்தரித்த காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறேன், அதில் பெரிய எழுத்தில் 108, அதற்குக் கீழே, மென்று விழுங்க வேண்டியது, 300 மில்லிகிராம், அதற்கும் கீழே, புது அட்டை மாற்ற வேண்டிய மாதம், ஐப்பசி.